மாஞ்சாவில் அறுபட்ட பருந்தும் மதிலோரத்து மைனாக் குஞ்சும்

கோடை விடுமுறைக் காலத்தில் சென்னைத் தெருக்களில் தரைக்கு வந்துவிடும் பறவைகளில் இரண்டை அடிக்கடி பார்க்கலாம். ஒன்று, காத்தாடியின் மாஞ்சா நூல் இறக்கையை அறுத்துவிட, மரக்கிளையில் தொங்கித் தவித்துக் கடைசியில் கீழே விழுந்த பருந்து. இன்னொன்று, வால் முழுதாக முளைக்காமல் மதிலோரம் நின்று விடாமல் கத்தும் மைனாக் குஞ்சு. இரண்டையும் பார்க்கும்போது நமக்கு வரும் பரிதாபம் ஒன்றுதான். செய்கைதான் தடம் மாறுகிறது. பருந்தின் நகத்துக்குப் பயந்து சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறோம். "கொஞ்ச நேரத்துல அதுவே பறந்துடும்" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். குஞ்சை மட்டும் ஓடிப்போய் வாரியெடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து பால்சோறு ஊட்டுகிறோம். கைவைக்க வேண்டிய இடத்தில் ஒதுங்குகிறோம், ஒதுங்க வேண்டிய இடத்தில் கைவைக்கிறோம். பறவைகளுக்கான முதலுதவி பற்றி எவ்வளவு சொன்னாலும், இந்தக் குழப்பம் தீராதவரை மற்றதெல்லாம் வீண் என்பது என் எண்ணம். அதனால்தான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் பருந்து. நம் ஊர்களில் சாதாரணமாகத் தென்படும் கரும்பருந்து, குப்பைமேட்டையும் மீன்பிடித் துறைமுகத்தையும் இறைச்சிக் கடைகளையும் நம்பி வாழும் பறவை. காசிமேட்டுத் துறைமுகத்துக்கு மேலே அவை வட்டமடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காத்தாடி ஏறும் அதே உயரத்தில்தான் பருந்தும் காற்றைப் பிடித்து மிதக்கிறது. தரையில் ஓடும் எலியை அவ்வளவு உயரத்திலிருந்து கண்டுகொள்ளும் கண்ணுக்கு, வெளிச்சமான வானத்தின் குறுக்கே போகும் மெல்லிய நூல் தட்டுப்படுவதில்லை. பழைய மாஞ்சா, பருத்தி நூலில் பசையும் கண்ணாடித் தூளும் தடவியது. அதுவும் அறுக்கும், ஆனால் மழையிலும் வெயிலிலும் கிடந்து மக்கிவிடும். 'சைனா மாஞ்சா' என்ற பெயரில் விற்பது நைலான் போன்ற செயற்கை இழை. காத்தாடி அறுந்துபோன பிறகும் அது கிளைகளிலும் கேபிள்களிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து, வருகிற பறவையை எல்லாம் பிடிக்கும். 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தச் செயற்கை நூலை நாடு முழுவதும் தடை செய்தது. தடை இருக்கிறது, நூலும் இருக்கிறது.

அந்த நூல் எங்கே அறுக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பறவை இறக்கையை விரிக்கும்போது, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முன்விளிம்பில் முக்கோணமாக ஒரு மெல்லிய தோல் விரிகிறது. அதன் ஓரத்துக்குள் ஒரு தசைநாண் ஓடுகிறது. விரிந்த இறக்கை தொய்யாமல் நின்று காற்றைத் தாங்குவது அதனால்தான். பறந்துவரும் வேகத்தில் நூல் முதலில் மோதுவது இந்த விளிம்பில். தோல் கிழிகிறது. பறவை திமிறத் திமிற நூல் முன்னும் பின்னும் இழுபட்டுத் தசைநாணைத் தாண்டிச் சதைக்குள்ளும், சில நேரம் எலும்பு வரையிலும் இறங்குகிறது. ரத்தம் உறைந்து நின்றுவிட்டால் வெளியே பார்ப்பவருக்குச் சின்னக் கீறல் போலத்தான் இருக்கும். இறகை விலக்கினால் வெளுத்த தசைநாண் பளபளவென்று தெரியும். ஆபத்து அங்கேதான். காற்றுப் பட்டால் சில மணி நேரத்தில் அது காய்ந்து, ஈரம் போய், செத்துவிடும். செத்த தசைநாணை எந்த மருத்துவராலும் தைத்து உயிர்ப்பிக்க முடியாது. காலையில் கொண்டுபோயிருந்தால் மறுபடி பறந்திருக்கக்கூடிய பறவை, மாலையில் கொண்டுபோனதால் ஆயுள் முழுக்கக் கூண்டில் கிடக்க நேரிடும். "அதுவே பறந்துடும்" என்ற பேச்சு பருந்து விஷயத்தில் எவ்வளவு கொடியது என்பது இதிலிருந்து தெரியும்.

எனவே பருந்தைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். மரத்திலோ செல்போன் கோபுரத்திலோ தொங்கினால் நாமே ஏற வேண்டாம், தீயணைப்புத் துறையினரைக் கூப்பிடலாம். தரையில் இருந்தால் பழைய போர்வை ஒன்று போதும். பின்பக்கமாகப் போய்த் தலையோடு சேர்த்து மூடிவிட்டால், இருட்டில் பறவை பெரும்பாலும் அடங்கிவிடும். எல்லாரும் அலகைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் பருந்தின் ஆயுதம் காலில் இருக்கிறது; பிடித்தால் விடாது. போர்வைக்கு மேலாகவே இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடித்து, கால்கள் நம் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நூல் சுற்றியிருந்தால் இழுக்கவே கூடாது. காயத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் கத்தரித்துவிட்டு, சதைக்குள் புதைந்ததை மருத்துவருக்கு விட்டுவிட வேண்டும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். ஒரு கிலோவைத் தொடாத இந்தப் பறவையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ரத்தக்கசிவு அதற்குச் சாதாரணமில்லை.

தசைநாணோ எலும்போ வெளியே தெரிந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைனில் நனைத்த காஸ் துணியை மேலே வைத்து மூடலாம். காய விடாமல் வைத்திருப்பதுதான் அதன் நோக்கம். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நம் வீடுகளில் காயம் என்றதும் கை போவது மஞ்சள்தூள், காபித்தூள், தேங்காய் எண்ணெய் பக்கம். தூள் காயத்துக்குள் கட்டியாகி, பிறகு சுத்தம் செய்யும்போது நல்ல சதையையும் பிய்த்துக்கொண்டு வரும். எண்ணெயும் களிம்பும் இறகின் நுண்ணிழைகளை ஒட்டவைத்துவிடும்; அந்த இறகு வெப்பத்தையும் காக்காது, மழையையும் தடுக்காது. எலும்பு முறிந்து வெளியே துருத்தியிருந்தால் தண்ணீரோ டெட்டாலோ ஊற்றிக் கழுவவே கூடாது. பல பறவைகளின் மேல்கை எலும்பு உள்ளீடற்றதாக இருந்து காற்றுப்பைகளோடு இணைந்திருக்கிறது. இறக்கையில் ஊற்றிய திரவம் மூச்சுப் பாதைக்குப் போய்ச் சேரும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. மனிதர்களுக்கான வலி மாத்திரையும் கூடாது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து, அந்த இனங்களையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. கால்நடை மருத்துவத்தில் அதை 2006-இல் இந்தியா தடை செய்ய வேண்டியிருந்தது. நமக்கு நல்லது செய்யும் மருந்து பறவைக்கும் நல்லது செய்யும் என்று எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

இனி மைனாக் குஞ்சு. மைனா பொந்தில் கூடு வைக்கும் பறவை. நகரத்தில் சுவர் ஓட்டை, ஏசி பெட்டியின் பின்புறம், தெருவிளக்குக் கம்பத்தின் குழாய் என்று கிடைத்த இடத்தில் வைக்கும். முட்டையிலிருந்து வந்து மூன்று வாரம் கடந்ததும் குஞ்சு கூட்டை விட்டு வெளியேறுகிறது. அப்போது அதற்குச் சரியாகப் பறக்க வராது. தரையில் தத்தும், செடிக்கடியில் நிற்கும், தாழ்ந்த கிளைக்குத் தாவும், விழும். தாயும் தந்தையும் பக்கத்திலேயே இருந்து புழுவும் வெட்டுக்கிளியும் கொண்டுவந்து ஊட்டும். எதைத் தின்பது, பூனை வந்தால் எங்கே ஒளிவது, தாயின் எந்தச் சத்தத்துக்கு அசையாமல் இருப்பது என்பதையெல்லாம் குஞ்சு அந்த நாட்களில்தான் கற்றுக்கொள்கிறது. அதாவது, நாம் விபத்து என்று நினைப்பது அதற்குப் பள்ளிக்கூடம்.

பருந்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, காயம் எவ்வளவு ஆழம் என்பது. குஞ்சைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது, இதற்கு வயது என்ன என்பது. உடம்பெல்லாம் இறகு மூடி, கண் திறந்து, இரண்டு காலில் நின்று தத்துகிறதா? அப்படியென்றால் அதற்கு வேண்டிய முதலுதவி, நாம் தள்ளிப் போவது. நடுச்சாலையில் நின்றால் எடுத்து ஓரத்துச் செடிக்குள் விடலாம், தெருநாயைக் கட்டிப்போடலாம், பிள்ளைகளை உள்ளே கூப்பிடலாம். பிறகு ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஓரிரு மணி நேரம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இந்தப் பொறுமைதான் நம்மிடம் இருப்பதில்லை. குஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்று காவல் காக்கிறோம். நாம் நிற்பதால் தாய் கீழே இறங்குவதில்லை. தாய் வராததைப் பார்த்து, "அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு" என்று முடிவு கட்டிப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகிறோம். மாடிக் கைப்பிடிச் சுவரில் வாயில் பூச்சியோடு ஒரு மைனா இங்கும் அங்கும் நடந்துகொண்டிருக்கும். அதை அண்ணாந்து பார்த்திருந்தால் போதும், ஒரு குஞ்சு தன் பெற்றோரோடு இருந்திருக்கும்.

இறகே முளைக்காமல், கண் மூடி, தோல் சிவந்து கிடக்கும் குஞ்சு என்றால் கதை வேறு. அது தவறி விழுந்ததுதான்; கூடு எட்டுகிற உயரத்தில் இருந்தால் திருப்பி வைத்துவிட வேண்டும். "மனுச வாடை பட்டா தாய் சேர்க்காது" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். அது உண்மையில்லை. குஞ்சின் குரலையும் திறந்த வாயையும் பார்த்தால் தாய் ஊட்டத்தான் செய்யும். கூடு எட்டாவிட்டால் சின்னக் கூடையோ ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்து, அடியில் தென்னை நாரும் காய்ந்த புல்லும் பரப்பி, கூட்டுக்கு அருகே நிழலில் கட்டிவிடலாம். பெற்றோர் அங்கே வந்து ஊட்டினால் நம் வேலை முடிந்தது.

இந்த இரண்டு வழிகளும் ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. குஞ்சைப் பூனை கவ்வியிருந்தால், மேலே சொன்ன பொறுமையெல்லாம் அந்த நொடியே முடிந்துவிடும். பூனையின் பல் ஊசி போல இறங்கும், தோலில் துளிகூடத் தெரியாமல் இருக்கும். அதன் எச்சிலில் உள்ள பாக்டீரியா பறவையின் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் கொன்றுவிடும். நன்றாகத்தானே நிற்கிறது என்று விட்டுவைக்கக் கூடாது, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோய் ஆன்டிபயாடிக் போட வேண்டும். ஆகவே பூனை வாயிலிருந்து மீண்ட குஞ்சை அறுபட்ட பருந்தின் வரிசையில் வைக்க வேண்டும். ஈ மொய்ப்பது, ஒரு பக்க இறக்கை மட்டும் தொங்குவது, ரத்தம் வருவது ஆகிய அறிகுறிகளுக்கும் இதே விதிதான்.

தண்ணீரும் சாப்பாடும் தருவதில் இரண்டு பறவைகளுக்கும் ஒரே தவற்றைச் செய்கிறோம். மயங்கிக் கிடப்பவருக்கு வாயில் தண்ணீர் விடுவது நம் ரத்தத்தில் ஊறிய வழக்கம். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியை ஒட்டியே திறந்திருக்கிறது. அலகைப் பிளந்து ஃபில்லரால் விடும் தண்ணீர் நேராக அங்கே இறங்கும். தாகம் தீர்த்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, பறவை மூச்சுத் திணறிச் சாகும். அதிர்ச்சியில் இருக்கும் பருந்துக்குக் கோழிக்கறி வைப்பதும் உதவாது. உடல் சூடும் நீர்ச்சத்தும் திரும்பாதவரை வயிறு வேலை செய்யாது. உள்ளே போனது அழுகும். சில்லிட்ட குஞ்சுக்கும் அதே கணக்குதான். பால்சோறு இன்னும் மோசம். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்குக் கிடையாது. வயிற்றுப்போக்கில் இருக்கிற நீரும் போய்விடும். வெறும் சோற்றிலும் ரொட்டியிலும் நாட்கணக்கில் வளர்ந்த குஞ்சின் எலும்பு சுண்ணாம்புச் சத்தில்லாமல் வளைந்துபோகும். அப்படி வளைந்த கால்களோடு வரும் குஞ்சுகளுக்கு யாரும் தீங்கு நினைத்துச் செய்ததில்லை, எல்லாம் அன்பால் வந்த வினை.

எடுத்தே ஆக வேண்டிய நிலையில் இரண்டுக்கும் நிச்சயமாகப் பொருந்தும் மருந்து ஓர் அட்டைப்பெட்டி. பருந்துக்குப் பெரியது, குஞ்சுக்குச் செருப்புப் பெட்டி. பக்கவாட்டில் ஓட்டைகள், அடியில் பழைய பருத்தித் துணி. பூத்துவாலையின் நூல்வளையத்தில் நகம் மாட்டும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். கம்பிக் கூண்டும் வேண்டாம். காட்டுப் பறவை கம்பியில் மோதி மோதி, பறப்பதற்கு வேண்டிய இறகுகளை எல்லாம் முறித்துக்கொள்ளும். பெட்டியை மூடி, சத்தமில்லாத அறையில் வைத்துவிட்டு, திறந்து திறந்து பார்க்காமல் இருக்க வேண்டும். நம் முகம் அதற்கு ஆறுதல் தராது. அதன் கணக்கில் நாம் வேட்டையாடும் விலங்கு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது சாவுக்குத் தயாராகிறது. கையில் பிடிக்கும்போது மார்பை இறுக்கக் கூடாது என்பதும் இரண்டுக்கும் பொது. நமக்கு இருப்பதுபோன்ற உதரவிதானம் பறவைக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அதை அழுத்திப் பிடித்தால் மூச்சு அங்கேயே நின்றுவிடும்.

குளிர்நாட்டு நூல்களில் எல்லாம் முதல் அறிவுரை, வெந்நீர் பாட்டிலை வைத்துப் பறவையைச் சூடாக்குங்கள் என்பது. நம் ஊரில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மே மாத மத்தியானத்தில், இறகு நிறைந்த பருந்தை மூடிய பெட்டியில் போட்டு பைக்கில் கட்டிக்கொண்டு போனால் காயத்தைவிட வெக்கையே அதைக் கொன்றுவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்திருக்கிறது என்றால் அதற்குச் சூடு அதிகம் என்று பொருள். நிழலுக்கு மாற்றி, காற்றோட்டம் கொடுக்க வேண்டும். இறகை உப்பி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டே இருந்தால் குளிர்கிறது அல்லது நோய் முற்றியிருக்கிறது. இறகில்லாத குஞ்சுக்கு மட்டும் நம் கோடை இரவிலும் ஏசி அறை ஆகாது.

குஞ்சா, காயம்பட்டதா என்று பிரிக்க முடியாத ஒரு பறவையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பனைமரத்தில் வாழும் உழவாரன் கைக்குள் அடங்கும் அளவுதான். நீண்ட இறக்கையும் மிகச் சின்னக் காலும் கொண்டது. தரையில் விழுந்தால் அதனால் நடக்கவோ தத்தவோ முடியாது. வளர்ந்த பறவையையே குஞ்சு என்று நினைத்துச் செடிக்கடியில் விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. விட்ட இடத்திலேயே அது பட்டினியில் சாகும். எடுத்துத்தான் ஆக வேண்டிய இன்னொரு பறவை அது.

எடுக்கவே கூடாத நிலையும் ஒன்று உண்டு. ஒரே இடத்தில் காக்கைகள் பலவாகச் செத்துக் கிடந்தால், அங்கே தள்ளாடும் பறவையை வெறுங்கையால் தொட வேண்டாம். 2020-21 குளிர்காலத்தில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் பறவைக் காய்ச்சல் முதலில் கண்ணில் பட்டது காக்கைகளின் சாவில்தான். அந்த நேரத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்வதே முதலுதவி.

பெட்டியில் போட்டாகிவிட்டது, அடுத்து யாரிடம்? பருந்து என்றால் இங்கேயும் ஒரு தடை இருந்தது. தில்லியில் பறவை மருத்துவமனை ஒன்று, புலால் தின்னும் பறவை என்று சொல்லிக் காயம்பட்ட பருந்தைச் சேர்க்க மறுத்தது. அந்த மறுப்பிலிருந்துதான் நதீம் ஷெஹ்ஸாத், முகமது சவூத் என்ற சகோதரர்கள் தாங்களே மருத்துவம் கற்று, தங்கள் வீட்டிலேயே பருந்துகளுக்குக் காயம் தைக்கத் தொடங்கினார்கள். ஷௌனக் சென் இயக்கி 2022-இல் வெளிவந்த 'ஆல் தட் பிரீத்ஸ்' ஆவணப்படம் அவர்களைப் பற்றியது. குட்டி மைனாவைப் பார்த்து உருகும் நமக்கு, அசிங்கமான குப்பைமேட்டுப் பறவை என்று பருந்தைத் தள்ளிவைப்பது எளிதாக இருக்கிறது. அந்த ஒதுக்கலையும் காயத்தோடு சேர்த்தே பருந்து சுமக்கிறது. நம் நகரங்களின் இறைச்சிக் கழிவைக் கூலி வாங்காமல் அள்ளுவது அதுதான் என்பதை நினைத்தாவது அதற்கு ஒரு பெட்டி தேட வேண்டும்.

குணமான பிறகும் இரண்டின் பாதை வேறு. பருந்து பழையபடி பறக்கிறதா என்பதுதான் அதன் தேர்வு. பெரிய பறப்புக் கூண்டில் வாரக்கணக்கில் பயிற்சி தந்து, வட்டமடித்து மேலேற முடிந்த பிறகே விட வேண்டும். கையால் வளர்ந்த மைனாவுக்குப் பறப்பதில் சிக்கல் இருக்காது. அது மனிதரைக் கண்டு பயப்படுகிறதா என்பதுதான் கேள்வி. தோளில் வந்து உட்காரும் மைனாவைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், பார்ப்பவர்கள் ரசிக்கிறார்கள். எனக்கு அது வேதனை. அந்தப் பறவை தன் இனத்தோடு சேராது, பூனையைப் பார்த்து ஓடாது, அடுத்த தெருவில் யார் கையிலாவது மாட்டும். பச்சைக்கிளிக் குஞ்சென்றால் நேராகக் கூண்டுக்கே போய்விடும், 'காப்பாற்றினோம்' என்ற பெயரில். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். எந்த நல்ல எண்ணத்தில் எடுத்திருந்தாலும் வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும்.

வாசகர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பரணில் ஓட்டை போட்ட ஓர் அட்டைப்பெட்டியும் ஒரு பழைய போர்வையும் இருக்கட்டும். உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் எண்ணையும் இன்றே கைபேசியில் பதிந்து வையுங்கள். மாடியிலும் மரத்திலும் மாஞ்சா நூல் தொங்கினால் கோலை எடுத்துச் சுருட்டி, துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள்.